வெள்ளவத்தையில் கூடியது களவா, பயமா?

கடலோரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

கொழும்பு வெள்ளவத்தையில், மெரின் டிரைவ் பக்கம் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. கடற்கரைப் பக்கத்துச் சிறிய கேற்றை இரவு எட்டு மணியோடு பூட்ட வேண்டும், கைவண்டியில் மரக்கறி கொண்டுவருபவரை உள்ளே விடக்கூடாது, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அடையாள அட்டைப் பிரதியும் கைவிரல் அடையாளமும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானங்கள் வந்தன. ஏறத்தாழ எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

எங்கள் கட்டடத்தில் என்ன களவு போனது என்று கேட்டேன். கீழ்த்தளத்தில் பூட்டாமல் விட்ட ஒரு சைக்கிள். வேறு? மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஓர் அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் காணொளி. அது எங்கள் ஒழுங்கையில் நடந்தது என்று நான்காம் மாடி அக்கா சொன்னார். காணொளியில் தெரியும் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது கொழும்பே இல்லை. அதைச் சொன்ன பிறகும் ஒரு கைகூட இறங்கவில்லை. “தம்பி, இங்கே நடக்காது என்று உத்தரவாதம் தருவீரா?” என்று கேட்டார்கள்.

நான் அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஆத்திரத்தோடு பேசினாலும் அவர்கள் உண்மையாகவே பயந்துபோயிருக்கிறார்கள். களவின் அளவோடு ஒத்துப்போகாத இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? மற்ற இடங்களிலும் இப்படித்தானா?

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

வெள்ளவத்தைக்காரர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வடக்கே, எங்கள் கொழும்பு 13 இலிருந்து. பிறகு 14 இலிருந்து, 15 இலிருந்து. உங்கள் கூட்டங்களில் “அந்தப் பக்கத்து ஆட்கள்” என்று ஒரு சொற்றொடர் கட்டாயம் வந்திருக்கும். வரவில்லையென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இரவு பத்து மணிக்குப் பம்பலப்பிட்டியில் நின்று கிராண்ட்பாஸ் போக ஆட்டோ பிடித்துப் பாருங்கள். முதல் ஆள் தலையை ஆட்டுவார், இரண்டாவது ஆள் இரட்டிப்புக் காசு கேட்பார், மூன்றாவது ஆள் ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் புத்திமதி சொல்வார். நேர்முகத் தேர்வுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் விண்ணப்பத்தில் தெஹிவளை மாமா வீட்டு முகவரியைப் போடுகிறார்கள். புளூமெண்டல் வீதி என்று எழுதினால் மேலாளரின் கண் அங்கேயே நின்றுவிடும்.

நான் பயப்படும் இடத்தையும் சொல்கிறேன். பணக்காரர்களின் கறுவாத்தோட்டம். இரவு ஒன்பது மணிக்குமேல் அங்கே நடந்து பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் ஆளுயர மதில், மதிலுக்கு மேல் மின்கம்பி, ஒரு பெட்டிக்கடை கிடையாது, ஒரு சன்னல் வீதியைப் பார்த்துத் திறந்திருக்காது. யாராவது என்னைப் பிடித்து நிறுத்தினால் கத்தினாலும் கேட்க ஆளில்லை. எங்கள் ஒழுங்கையில் அதே நேரத்தில் கொத்துக்கடைத் தகரம் அடிபட்டுக்கொண்டிருக்கும், கரம் போர்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், குழாயடியில் பாக்கியம் ஆச்சி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். புதிதாக ஒருவன் உள்ளே நுழைந்தால் கொத்துக்காரருக்கு அவன் யார் வீட்டுக்கு வந்தவன் என்று தெரியும்வரை கை ஓடாது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1961 இலேயே இதை எழுதிவிட்டார்: தெருவைக் காப்பது தெருவைப் பார்க்கும் கண்கள். மதில் கட்டியவர்கள் அந்தக் கண்களைத்தான் முதலில் மூடினார்கள்.

எங்கள் பக்கம் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நடக்கிறது. 2025 இலும் நடந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆளைக் குறித்துவைத்துத்தான் வருகிறார்கள். பாண் வாங்கப் போகும் என்னைத் தேடி வருவதில்லை.

---

தொடர்மாடிச் செயலாளர்

கடலோரத்தானுடைய சங்கத்தில் நான் இல்லை. ஆனால் இன்னொரு கட்டடத்தில் அதே வேலையைத்தான் பார்க்கிறேன். எனவே மறுபக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டன், ரொறன்ரோ, சிட்னி. அந்தப் பிள்ளைகள் காலையில் எழுந்ததும் கொழும்புச் செய்தித் தளங்களைத்தான் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு சூடு நடந்தால் நமக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே தொலைபேசி: “அம்மா, கதவைப் பூட்டினீர்களா? யார் வந்தாலும் திறக்காதீர்கள்.” அப்படி ஒரு நாளில் நாலு நாட்டிலிருந்து நாலு அழைப்பு வந்தால் அந்த அம்மா எப்படி நிம்மதியாக இருப்பார்? அதற்கு மறுநாள் எனக்கு அழைப்பு வரும்: கமரா ஏன் இன்னும் பூட்டவில்லை?

இன்னொன்று. இளைஞர்கள் “எத்தனை களவு நடந்தது” என்று கேட்கிறார்கள். சரி, குறைவுதான். ஆனால் முப்பது வயதுக்காரியின் சங்கிலியை அறுத்தால் சங்கிலி போகும். எழுபத்தைந்து வயதுக்காரியின் சங்கிலியை இழுத்தால் அவர் விழுவார், இடுப்பெலும்பு முறியும், அதன்பின் எழும்பி நடப்பாரா என்று சொல்ல முடியாது. விழுந்தவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிள்ளையும் பக்கத்தில் இல்லை. நடக்கும் வாய்ப்பை மட்டும் எண்ணாதீர்கள், நடந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணுங்கள்.

“அந்தப் பக்கத்து ஆட்கள்” என்று நான் சொன்னதே இல்லை. மருமகன் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

நீங்கள் சொல்லவில்லை. சங்கத்தில் யாருமே சொல்லவில்லையா? பெயர் இப்போதைக்கு இருக்கட்டும்.

---

நூலகத்து மூலை

சமூகவியல் படிக்கிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இதே விடயம்தான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றப் பயத்தைத் தனியாக ஆராயத் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தொடக்கத்திலேயே ஆய்வாளர்களைக் குழப்பியது ஒரு முரண்: பெண்களும் முதியவர்களும் அதிகம் பயப்படுகிறார்கள், ஆனால் தெருவில் அடிபடுபவர்களும் வெட்டுப்படுபவர்களும் பெரும்பாலும் பயமில்லை என்று சொல்லும் இளம் ஆண்கள். செயலாளர் சொன்னது அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று. பாதிக்கப்படும் வாய்ப்பு வேறு, பாதிப்பைத் தாங்கி மீளும் வலு வேறு. உடல் வலு மட்டுமில்லை. கையில் காசு, பக்கத்தில் ஆள், போய் முறையிட ஓர் இடம் எல்லாம் அதற்குள் வரும்.

இரண்டாவது, ஊடகம். ஜோர்ஜ் கேர்ப்னர் 1970களில் அமெரிக்காவில் தொலைக்காட்சியை வைத்துச் சொன்னார்: நிறையப் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக எண்ணுகிறார்கள். இன்று தொலைக்காட்சியின் இடத்தில் வட்ஸ்அப் குழு இருக்கிறது. தொலைக்காட்சி எந்த ஊரில் நடந்தது என்றாவது சொல்லும். முன்னனுப்பப்பட்ட காணொளிக்கு ஊரும் இல்லை, தேதியும் இல்லை. அதனால் பார்ப்பவர் எவரோ அவருடைய ஒழுங்கையிலேயே அது நடந்துவிடுகிறது.

மூன்றாவது, கேள்வியே சிக்கலானது. “இருட்டிய பின் உங்கள் பகுதியில் தனியாக நடக்கும்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்?” என்று பிரித்தானியாவில் 1982 இல் தொடங்கிய குற்றக் கணக்கெடுப்பில் கேட்டார்கள், பல நாடுகளில் இன்னும் இதே மாதிரித்தான் கேட்கிறார்கள். அதில் குற்றம் என்ற பேச்சே இல்லை. நாய்க்குப் பயந்தவரும், மூடியில்லாத வடிகானுக்குப் பயந்தவரும் “பாதுகாப்பில்லை” என்றுதான் சொல்வார். ஸ்டீபன் ஃபரால், ஜொனதன் ஜாக்சன் போன்றவர்கள் பிறகு இதைப் பிரித்துப் பார்த்தார்கள். நெஞ்சு படபடக்க உண்மையாகவே பயந்த வேளைகள் ஒன்று. காலம் கெட்டுவிட்டது, அயல் மாறிவிட்டது, நாடு கையை விட்டுப் போகிறது என்ற பொதுவான கலக்கம் இன்னொன்று. இந்த இரண்டாவதையும் மக்கள் குற்றத்தின் பெயரில்தான் சொல்கிறார்கள்.

நம் ஊரில் அந்தக் கலக்கத்துக்கா பஞ்சம்? 2022 இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சேமிப்பு கரைந்துபோனவர் கையில் மிச்சமிருப்பது கழுத்துச் சங்கிலி. அதை யாராவது அறுத்துவிடுவார்களோ என்ற எண்ணம் அப்போதுதான் பெரிதாகும். இலங்கையின் கொலை வீதமோ உலகச் சராசரியைவிடக் குறைவு. கடலோரத்தான் கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தாலும் கை இறங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

---

நூறாம் இலக்க பஸ்

“பெண்கள் காரணமில்லாமல் அதிகம் பயப்படுகிறார்கள்” என்பதை முரண் என்று அழகாகப் பெயரிட்டு எழுதுவதை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். தங்கச்சி, உங்கள் மேல் கோபமில்லை. அந்தக் கணக்கின் மேல்தான் கோபம்.

காலி வீதியில் காலை ஏழரைக்கு நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கைப்பையை முன்னால் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பேன். வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் சேலை ஊக்கு திறந்தபடி இருக்கும். அதைக் குத்தும் விதம் அம்மா சொல்லித் தந்தது: திரும்பிப் பார்க்காமல், பஸ் பிரேக் போடும் அந்த நொடியில். கத்தினால் நடத்துநர் “உள்ளே போங்கள், உள்ளே போங்கள்” என்பார். குத்தினால் பின்னால் நிற்பவன் மௌனமாக இரண்டு அடி தள்ளிப் போவான். இது எந்தப் பொலிஸ் பதிவேட்டில் இருக்கிறது?

ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015 இல் எடுத்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவை வாழ்நாளில் அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 வீதம். இப்போது சொல்லுங்கள், நாங்கள் நடக்காததற்கா பயப்படுகிறோம்? நடந்ததெல்லாம் எண்ணப்படவில்லை. உங்கள் எண்ணிக்கையில் வராத காரணத்தால் எங்கள் பயத்துக்குக் காரணமில்லை என்று ஆகிவிட்டது.

வீட்டுக்குள் கள்வன் வந்தான் என்று கேள்விப்பட்டால் என் கணவர் பொருளை நினைக்கிறார். நான் பொருளை நினைப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு எந்தக் களவும் அதோடு நின்றுவிடும் என்று உறுதியில்லை.

---

நூலகத்து மூலை

அக்கா, நீங்கள் கடைசியில் சொன்னதை கெனத் ஃபெராரோ என்பவர் 1990களில் ஆராய்ந்தார். பாலியல் வன்முறை பற்றிய அச்சத்தின் நிழல் பெண்களுடைய மற்ற எல்லாக் குற்றப் பயங்களின் மேலும் விழுகிறது என்றார். அதைத் தனியாகப் பிரித்து எடுத்தால் ஆண் பெண் வேறுபாடு வெகுவாகக் குறைந்துபோகிறது. முரண் என்று எழுதும்போதே இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக்கும் இதுதான் என் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வி.

---

பழைய லொட்ஜ்

பிள்ளைகளே, எல்லாம் வாசித்தேன். கைவிரல் அடையாளம் என்ற இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது.

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் இருந்தவன் நான். தாக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு என்று தேட அவர்களுக்குச் சிரமமிருக்கவில்லை. அதன்பின் எவ்வளவோ காலம் பொலிஸில் குடும்பத்தைப் பதிய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மருமகன் வந்தாலும் போய்ப் பதிய வேண்டும். 2007 ஜூன் 7 விடியற்காலை லொட்ஜ்களில் இருந்த தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். 376 பேரை வவுனியாவுக்கும் கிழக்குக்குமாக அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்த ஒரு இரவு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன வெள்ளை வானைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வராது.

பயம் என்று நீங்கள் பேசுவது கள்வனைப் பற்றியது. நல்லது. எனக்கு இரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் தோன்றுவது கள்வன் இல்லை. கள்வன் கதவைத் தட்டமாட்டான். பாண் வாங்க ஒழுங்கை முனைக்குப் போனாலும் மேற்சட்டைப் பையைத் தொட்டு அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். யுத்தம் முடிந்தது 2009 இல். கைக்கு அது தெரியவில்லை.

சில காலத்துக்கு முன் வீட்டுத் தண்ணீர் மோட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் சொன்னதை ஓர் இளம் அலுவலர் சிங்களத்தில் எழுதினார், வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போடு என்றார். மரியாதையாகத்தான் நடந்தார், குறை சொல்லக்கூடாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் புரியாத காகிதத்தில் கையெழுத்து வைக்கும்போது என் கை நடுங்கியது. மோட்டர் போனதைவிட அதுதான் பெரிய நடுக்கம்.

---

கடலோரத்தான்

ஐயா, நான் 1990களில் பிறந்தவன். நீங்கள் எழுதியதில் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் அப்பா உடனே போய்த் திறக்கமாட்டார். அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பார். எல்லோரும் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்போம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்தேன்.

---

கொம்பனித்தெரு நானா

லொட்ஜ் ஐயா எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டார்.

எங்களுக்கு அது 2019 இல் வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுகள் வெடித்தபோது நாங்களும் எல்லோரையும் போலப் பயந்தோம். குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றும் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து எங்களைப் பார்த்துப் பயந்தார்கள். வாப்பா பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். தங்கையின் பையைக் கடை வாசலில் கொட்டிப் பார்த்தார்கள். புத்தகமும் சோற்றுப் பெட்டியும்தான் விழுந்தன. ஏப்ரல் 29 இல் முகம் மூடத் தடை வந்த பிறகு மூத்தம்மா வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

எல்லோரும் பயப்படுபவரின் பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். மற்றவர்கள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்களோ அவரும் பயப்படுகிறார். அவருக்கு இரண்டு பயம்: குண்டுக்கும் பயம், பக்கத்து இருக்கைக்காரரின் பார்வைக்கும் பயம்.

---

தேயிலைக் கொழுந்து

என் அம்மா ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் பல வீடுகளில் வேலை செய்து எங்களைப் படிப்பித்தார். கைவிரல் அடையாளத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் முதலில் திறக்கப்படுவது வேலைக்காரியின் பை. மோதிரம் குளியலறையில் கிடைத்தபின் பையைத் திறந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அம்மா எந்த வீட்டை விட்டுப் புறப்படும்போதும் பையைத் தானே மேசையில் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். கேட்காமலே. குற்றத்துக்கான பயத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செய்யாத குற்றத்துக்குப் பிடிபடும் பயம்.

---

பதினோராம் மாடி

நான் தோட்டத்தில் பிறந்தவன். தேயிலைத் தோட்டமில்லை, கொழும்புத் தோட்டம். பலகை வீடும் பொதுக்குழாயும் உள்ள தோட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபை எங்களைத் தூக்கி அடுக்குமாடியில் வைத்துச் சில ஆண்டுகளாகின்றன. 2010 இலிருந்து சில ஆண்டுகள் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது என்பதை இளம்பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். வீடு இடித்த நாட்களில் வந்து நின்றவர்கள் சீருடைக்காரர்கள்.

பலகை வீட்டுக்குப் பூட்டே கிடையாது. ஒரு கொக்கி, அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டில் கறி தாளிக்கிற மணமும் சண்டையும் சுவர் வழியே வரும். அதனால் வீட்டில் ஆளில்லாத நேரமே இல்லை. இப்போது இரும்புக் கதவு, கொங்கிரீட் சுவர், பதினோராம் மாடி. குலுக்கல் முறையில் வீடு கொடுத்ததால் பழைய அயலவர்கள் ஆளுக்கொரு மாடிக்குச் சிதறிவிட்டார்கள். மின்தூக்கி பழுதானால் வாரக்கணக்கில் பழுது. ஏழாம் மாடிப் படியில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. அங்கே நிற்கும் பையன்கள் யாருடைய பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது, என்னையும் அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் இதே வயதுப் பையன்கள் கஞ்சா குடித்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் “டேய்” என்றால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். இங்கே நான் “டேய்” என்று சொல்லமாட்டேன். என் மகள் டியூசன் முடிந்து வரும்போது கீழே போய்க் காத்திருந்து கூட்டிவருகிறேன்.

இந்தப் பக்கத்துத் தாய்மாரைக் கேட்டால் வேறு பயம் சொல்வார்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது இரவில் மோப்ப நாய்களோடு வந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். விற்றவனும் போனான், வாசலில் நின்றவனும் போனான். வெள்ளவத்தையில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் மாடியில் அன்று யாரும் தூங்கவில்லை.

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

பதினோராம் மாடி அண்ணா, அந்த “டேய்” கதையை இந்த நகரத்தைத் திட்டமிடுகிற ஒவ்வொருவரும் எழுதி மேசையில் ஒட்டிவைக்க வேண்டும்.

---

நூலகத்து மூலை

ஒட்டிவைக்க ஆய்வும் இருக்கிறது. ரொபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் சிகாகோ நகரத்தின் அயல்களை ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டார்கள். அயலவர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா, தெருவில் பிள்ளைகள் தவறு செய்தால் தட்டிக் கேட்பார்களா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அது வலுவாக இருந்த அயல்களில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் எடுத்த பின்னும் குறைவு.

அதற்கு முன் 1982 இல் ஜேம்ஸ் வில்சனும் ஜோர்ஜ் கெல்லிங்கும் உடைந்த சன்னல் வாதத்தைச் சொன்னார்கள். உடைந்த சன்னல், குப்பை, சுவர்க்கிறுக்கல் இவற்றைக் கவனிக்காமல் விட்டால் மக்கள் பயந்து ஒதுங்குவார்கள், ஒதுங்கிய இடத்தில் குற்றம் வளரும் என்பது அதன் சாரம். பொலிஸாருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் சாம்ப்சனும் ஸ்டீபன் ரோடன்புஷும் 2004 இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஓர் இடத்தில் உண்மையில் எவ்வளவு குப்பை இருக்கிறது என்பதைவிட, அங்கே கறுப்பினத்தவரும் ஏழைகளும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்தே மக்கள் அதைச் சீர்கெட்ட இடம் என்று முடிவுசெய்கிறார்கள். அப்படி முடிவுசெய்தவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள்.

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

இதை நான் ஆய்வே செய்யாமல் முதல் பதிவில் சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகம் எனக்கு ஒரு பட்டம் தரலாம்.

---

மூதூரான்

வதந்தியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது நினைவிருக்கிறதா? உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆள் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று மலையகம், கிழக்கு, புத்தளம், யாழ்ப்பாணம் எங்கும் பரவியது. நாங்கள் தடியோடு இரவிரவாக விழித்திருந்தோம். பிடிபட்டவன் இராணுவ முகாமுக்குள் ஓடினான் என்று மக்கள் சொன்னார்கள். அப்படி எதுவுமில்லை என்று பொலிஸ் சொன்னது. புத்தளத்தில் ஆத்திரமடைந்த கூட்டத்திடம் சிக்கி ஒரு பொலிஸ்காரர் இறந்தார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் படையினர் வீடு புகுந்து அடித்தார்கள்.

பூதம் உண்மையா பொய்யா என்று இப்போதும் எங்கள் ஊரில் சண்டை பிடிக்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. பொலிஸ் “வதந்தி” என்று அறிவித்தபோது அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள் எங்கள் ஆட்கள்: மறுக்கிறார்கள், அப்படியென்றால் உண்மை. சொல்பவரின் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் மறுப்பறிக்கையும் எண்ணெய்தான். கடலோரத்தானுடைய கூட்டத்தில் கடைப் பலகையைப் பெரிதாக்கிக் காட்டியும் ஒருவரும் அசையாதது இதனால்தான்.

---

தொடர்மாடிச் செயலாளர்

2025 பெப்ரவரி 19 இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், பாதாள உலகக்காரன் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். அது வதந்தியில்லை. நீதிவானின் முன்னால் நடந்தது. அதைப் பார்த்த மனிதரிடம் போய் “உங்களைத் தேடி வரமாட்டார்கள்” என்று எப்படிச் சொல்வது? சுடப்பட்டவர் யார் என்று அவர் பார்ப்பதில்லை. நீதிமன்றத்திலேயே காவல் இல்லையென்றால் என் கேற்றில் என்ன காவல் என்றுதான் கேட்கிறார்.

---

சட்டப் புத்தகம்

சட்டத்தரணி வேடமில்லை, உண்மையான சட்டத்தரணி. இரண்டு செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன்.

லொட்ஜ் ஐயாவுக்கு: அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987 இல் தமிழை அரச கரும மொழியாக்கியது, 1988 இன் 16ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் பயன்பாட்டை விரித்தது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதில்லை. தமிழ் தெரிந்த அலுவலர் அந்த நேரத்தில் இல்லையென்றால், தமிழில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். நடைமுறையில் இதற்கு முகம் சுளிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள்.

சங்கங்களுக்கு: வேலை செய்யும் பெண்களின் கைவிரல் அடையாளத்தைச் சேர்த்துவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உங்களிடம் இல்லை. அந்தக் கோப்பு தொலைந்தால் பொறுப்பு மட்டும் உங்களுடையது. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது, அதைச் செயலாளர்கள் ஒருமுறை வாசிப்பது நல்லது.

---

கடலோரத்தான்

கோப்பு என்ற ஒரு சொல்லுக்கே சங்கத் தலைவர் பின்வாங்கிவிடுவார், நன்றி. மரக்கறிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலியந்தலையிலிருந்து வருகிறார். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் பாகற்காய் வாங்குவார், எந்தக் கதவு நேற்றிலிருந்து திறக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஐந்தாம் மாடி ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கதவைத் தட்டிப் பார்த்துக் காவலாளியைக் கூப்பிட்டவர் அவர்தான். அந்தக் காவலாளி நிறுவனம் மாதாமாதம் ஆளை மாற்றுகிறது. எங்களில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது.

---

நூறாம் இலக்க பஸ்

கேற்றைப் பற்றி ஒரு கேள்வி. எட்டு மணியோடு பூட்டினால் இரவு வேலை முடிந்து வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கும் பெண்கள் காலி வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பக்கத்து ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா? யாராவது போய்ப் பார்த்தீர்களா?

---

கடலோரத்தான்

இப்போதுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒன்று எரிகிறது. ஒன்று விட்டு விட்டு எரிகிறது. ஆலமரத்தடியில் இருப்பது எரியவேயில்லை. மாநகர சபைக்கு எழுதுகிறேன், கம்பத்து இலக்கங்களைக் குறித்துக்கொண்டேன்.

---

நூலகத்து மூலை

ஒரு வேண்டுகோள். ஆய்வுக்காக வெள்ளவத்தையிலிருந்து சிலரை மருமகன் பக்கத்துக் கொட்டாஞ்சேனையிலும், அங்கிருந்து சிலரை வெள்ளவத்தையிலும் மாலையில் நடக்கவைத்து, எங்கே தயங்கினார்கள், ஏன் தயங்கினார்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். முன்வருபவர்கள் உண்டா?

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

ஞாயிறு மாலை வாருங்கள். ஜம்பட்டா வீதியில் தொடங்கி நடப்போம். இஞ்சித் தேநீர் என் செலவு. செயலாளர் ஐயாவும் கட்டாயம் வர வேண்டும்.

---

தொடர்மாடிச் செயலாளர்

வருகிறேன். மனைவியும் வருகிறேன் என்கிறார். சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா என்று கேட்கிறார்.

---

ஜிந்துப்பிட்டி மருமகன்

போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். பக்கத்தில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் தொங்குவதைப் பார்த்தால் அவருடையதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீங்கள்தான் உங்கள் பணப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.